மூணாவது ஹெட் கேஸ்கெட்டும் போச்சா?

ஓ.எம்.ஆர்.ல கால் டாக்ஸி ஓட்டுற அண்ணன் ஒருத்தர், இன்ஜின் ரீபில்ட் பண்ணின பிறகு மூணு ஹெட் கேஸ்கெட் மாத்திட்டார்னு வெச்சுக்குங்க. ஒவ்வொரு தடவையும் வண்டி நின்னா வருமானமும் நின்னுடும். நாலாவது வாங்கும் முன், கழற்றின கேஸ்கெட்டை நல்லா பாருங்க.

ரெண்டு சிலிண்டருக்கு நடுவில் எரிந்திருக்கா? மட்டத்தைச் சோதியுங்கள். ஸ்டீல் ஸ்கேல் போதாது. ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் விடுங்கள். பல சின்ன கார்களில் 0.05 மி.மீ. வரைதான் அனுமதி. ஹெட்டை மட்டும் ஃபேஸிங் பண்ணிவிட்டு பிளாக்கை மறந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

சுற்றிலும் கசிந்திருக்கா? போல்ட்டைச் சந்தேகப்படுங்கள். துளைக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்னும், ஹெட் இறுகியிருக்காது. டிகிரி கணக்கில் முறுக்கும் போல்ட்டுன்னா புதுசுதான் போடணும்.

தண்ணீர்த் துளை ஓரம் அரித்திருக்கா? ரேடியேட்டரில் ஊத்தினது நம்ம கடலோர உப்பு போர் தண்ணியான்னு கேளுங்க.

ஏன் இவ்வளவு கவனம்? அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய 2 மடங்கு விரியும். அலுமினிய ஹெட், இரும்பு பிளாக், நீளம் 400 மி.மீ., ரெண்டும் 70 டிகிரி சூடேறினால் வித்தியாசம் சுமார் 0.3 மி.மீ. ஒவ்வொரு பயணத்திலும் அந்த உரசலைக் கேஸ்கெட் தாங்கணும். கோணலான பிளாக் மேல் எத்தனை புதுசு வெச்சாலும் தாங்காது.