மாற்றலாகிப் போகிறவரின் வீட்டை வாங்குதல்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல்)

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது பழமொழி. பிறர் கட்டிய வீட்டை வாங்கிப் பார் என்று முன்னோர் சேர்த்துச் சொல்லி வைக்கவில்லை. தூத்துக்குடியில் வாழ்ந்திருந்தால் சொல்லியிருப்பார்கள். 1974ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இவ்வூர் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஸ்பிக் உரத் தொழிற்சாலை, கனநீர் ஆலை, அனல் மின் நிலையம் ஆகியவை அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே இயங்கத் தொடங்கின. சுங்கத் துறை, வங்கி, கப்பல் முகவர் அலுவலகம் என்று பணிக்கு வருவோரும், மாற்றலாகிப் போவோரும் இல்லாத ஆண்டு இங்கே இல்லை. பலர் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டுப் பெட்டியைக் கட்டுகிறார்கள். சிலர் ஊர் பிடித்துப்போய் வீடு கட்டுகிறார்கள். சுவரின் வெள்ளை மங்குமுன் விசாகப்பட்டினத்துக்கோ கொச்சிக்கோ போகும்படி உத்தரவு வருகிறது. வீடு விலைக்கு வருகிறது.

அதை வாங்குவோர் யார்? பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களே. உப்பளத்திலோ துறைமுகத்திலோ உழைத்து ஓய்வு பெற்றவர், வைப்பு நிதியும் பணிக்கொடையும் மொத்தமாகக் கைக்கு வந்ததும் வீடு பார்க்கத் தொடங்குகிறார். பத்திரத்தைப் படித்துச் சொல்லும் பொறுப்பு, கல்லூரிக்குப் போகிற பிள்ளை என்ற ஒரே தகுதியால் நம்மிடம் வந்து சேர்கிறது. முத்திரைத்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கக்கூடிய முதல் ஆள், நம்மில் பலருடைய வீட்டில் நாம்தான். எனவே, வேதியியல் மாணவன் சட்டம் பேசலாமா என்று ஆசிரியப் பெருமக்கள் கடிந்துகொள்ள மாட்டார்கள் என நம்புகிறேன்.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலே உண்டு. பெரிய கம்பெனி ஒன்று தன் அதிகாரியை வேறு மாநிலத்துக்கு மாற்றுகிறது. வீடு விற்கும்வரை அவர் காத்திருந்தால் வேலை கெடும். ஆகவே இடமாற்ற நிறுவனம் ஒன்றை அமர்த்துகிறது. அந்நிறுவனம் பொதுவாக இரண்டு மதிப்பீட்டாளர்களை அனுப்பி, அவர்கள் சொல்லும் விலைகளின் சராசரியை அதிகாரிக்குக் கொடுத்து வீட்டை எடுத்துக்கொள்கிறது. அதிகாரி புறப்பட்டுவிடுகிறார். பின்னர் நிறுவனம் வீட்டைச் சந்தையில் விற்கிறது. நட்டம் வந்தால் பெரும்பாலும் கம்பெனி தாங்குகிறது. கம்பெனி ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும், அதிகாரியின் விற்பனைச் செலவை நேரே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். நேரே கொடுத்தால் அது அவருடைய வருமானமாகி வரிக்கு உட்படும். உண்மையாகவே இரண்டு விற்பனைகள் நடந்தால் இரண்டாவது விற்பனையின் செலவு அவர் தலையில் ஏறாது என்று அந்நாட்டு வருமான வரித் துறை 1972இல் ஒரு தீர்ப்புரையும், அதை விளக்கி 2005இல் மற்றொன்றும் வெளியிட்டது. ஒரு தொழிலே வரிக் கணக்கைச் சுற்றி வளர்ந்திருக்கிறது என்பது வேடிக்கைதான்.

நமக்கு வேண்டியது வாங்குகிறவரின் நிலை. அவருக்குக் கிடைக்கும் நன்மை கண்கூடு. விற்பவருக்கு வீட்டின்மீது பாசம் இல்லை. ஒவ்வொரு மாதமும் வட்டியும் வரியும் பராமரிப்பும் கரைகின்றனவாதலால் விரைவில் விற்கவே விரும்புவார். தீமையும் அதே இடத்தில்தான் பிறக்கிறது. விற்கிற நிறுவனத்தில் ஒருவர்கூட அந்த வீட்டில் ஓர் இரவு உறங்கியதில்லை. மழையில் எந்த மூலை ஒழுகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பழைய உரிமையாளர் எழுதிக் கொடுத்த குறிப்புகளையும் ஆய்வறிக்கைகளையும் வாங்குபவரிடம் தந்து, பெற்றுக்கொண்டேன் என்று கையொப்பம் பெற்று, உள்ளது உள்ளபடி விற்கிறோம் என்ற பின்னிணைப்பையும் ஒப்பந்தத்தோடு சேர்த்துவிடுவார்கள். நம் கடற்கரைக்கு இந்த வியாபாரம் புதிதன்று. 1961வரை இங்கே முத்துக்குளிப்பு நடந்தபோது, சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது ஏலம் விட்டவருக்கும் தெரியாது. ஆனால் சிப்பியை ஏலம் எடுத்தவர் அது சூதாட்டம் என்று தெரிந்தே எடுத்தார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இத்தகைய நிறுவனம் வாங்கி விற்கும் முறை இங்கே வேரூன்றாததற்கு ஒரு காரணம் பதிவுச் செலவு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல், கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் மாற்று வரியும் சேர்ந்து 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 9 விழுக்காடு. 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு இது 3 லட்சத்து 60 ஆயிரம். நிறுவனம் வாங்கும்போது ஒருமுறை, நாம் வாங்கும்போது மறுமுறை என்றால் 7 லட்சத்து 20 ஆயிரம் தாளிலேயே போய்விடும். அமெரிக்காவில் அதிகாரியிடம் வாங்குபவர் பெயரை எழுதாத வெற்றுப் பத்திரத்தில் கையொப்பம் பெற்றுக்கொண்டு, கடைசி வாங்குபவர் அகப்பட்டதும் பெயரை நிரப்பி ஒரே பதிவோடு முடிக்கும் வழக்கம் உண்டு. நம்மிடம் அது நடவாது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 54ஆம் பிரிவின்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவு செய்த பத்திரத்தால்தான் நிறைவேறும். யாருக்கு என்று எழுதாத பத்திரத்தைச் சார்பதிவாளர் ஏற்க மாட்டார்.

அந்த வெற்றுப் பத்திரத்தின் வேலையை நம் ஊரில் பவர் பத்திரம் செய்கிறது. மாற்றலாகிப் போகிற அதிகாரி, நம்பிக்கைக்குரிய ஒருவருக்கோ வீட்டுத் தரகருக்கோ பொது அதிகாரம் எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறுகிறார். விலை பேசுவதும் கையொப்பமிடுவதும் பவர் ஏஜெண்ட். இவரும் அந்த வீட்டில் குடியிருந்தவர் அல்லர்.

பவர் மூலம் வாங்குவது குற்றமன்று. பவரையே கிரயமாக நினைப்பதுதான் ஆபத்து. “பவரை உங்கள் பெயருக்கே மாற்றித் தருகிறோம், பதிவுச் செலவு மிச்சம்” என்று பேசுவோர் உண்டு. பவர், விற்பனை அக்ரிமெண்ட், உயில் ஆகிய மூன்றையும் சேர்த்து அடுக்கினாலும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாக்கியது. மேலும், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் அதிகாரம் முடிந்துவிடும். ஏஜெண்டுக்கே அச்சொத்தில் தனி உரிமை கலந்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. ஆயிரம் மைல் தொலைவில் இருப்பவர் உயிரோடிருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்பது வில்லங்கம் போட்டுப் பார்ப்பதைப் போலவே முக்கியம். அவர் வங்கிக் கடனில் வீடு கட்டியிருந்தால் அசல் பத்திரங்கள் வங்கியில் இருக்கும். நகலைக் காட்டி முன்பணம் கேட்டால் வங்கிக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

இவற்றை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். வழக்கறிஞர் கண்ணில் படாதது சுவர். மேற்சொன்ன சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவு, தனக்குத் தெரிந்ததும், வாங்குபவருக்குத் தெரியாததும், சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறைகளை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் மறைத்தால் அது மோசடி. ‘தனக்குத் தெரிந்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அமெரிக்க நிறுவனம் உரிமையாளராகவே மாறிவிட்டு, எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இந்தத் தாள்களில் உள்ளவைதாம் என்று சொல்லிவிடலாம். நம் ஊரில் பவர் கொடுத்தவரே சட்டத்தின் கண்ணில் இன்னும் விற்பவர். அந்த வீட்டில் வாழ்ந்தவர் அவர், கடமையும் அவருடையதே. ஏஜெண்டிடம் கேட்டு ‘எனக்குத் தெரியாது’ என்ற பதிலோடு திரும்புகிறவர், தமக்குச் சட்டம் தந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுகிறார். வேறு உடன்பாடு இல்லாதபோதுதான் இப்பிரிவு பேசும் என்பதால், அக்ரிமெண்டில் ‘உள்ளது உள்ளபடி’ என்ற வரி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடியில் மறைந்திருக்கக்கூடிய குறைகளில் முதன்மையானது உப்பு. கான்கிரீட்டின் உள்ளே காரத்தன்மை மிகுதி, அதன் பி.எச். மதிப்பு 12க்கு மேல். அந்தச் சூழலில் கம்பியின்மீது மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. குளோரைடு அயனி அந்தப் படலத்தைத் துளைக்கிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்கும். அதனால் உள்ளிருந்தே நெருக்கிச் சிமெண்டைப் பெயர்த்துத் தள்ளுகிறது. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்பது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி. கடல்நீரில் அது சுமார் 19,000 மில்லிகிராம். உப்பளத்தை அடுத்த மனையில் அங்கேயே கிணறு வெட்டி, அந்த நீரிலேயே கலவை போட்டிருந்தால் கதை என்னவாகும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை.

புது வண்ணம் பூசியதும் இதெல்லாம் மறைந்துவிடும். எனவே வண்ணம் படாத இடங்களைத் தேட வேண்டும்: பரண் மேற்புறம், குளியலறைக் கூரை, மொட்டை மாடிச் சன்ஷேடின் அடிப்பக்கம். கம்பியின் போக்கிலேயே நேர்கோடாக விரிசல் ஓடினால் அது ஐயத்துக்குரியது. நம் ஆய்வகச் சோதனையும் உதவும். உட்காரையைக் கொஞ்சம் சுரண்டி, காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, வடிகட்டி, நைட்ரிக் அமிலம் இரண்டு துளி விட்டு, வெள்ளி நைட்ரேட் சேர்த்தால், குளோரைடு இருக்குமாயின் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். கடலோரச் சுவரின் மேற்பரப்பில் சிறிது உப்பு இருப்பது இயல்பாதலால், ஆழத்திலிருந்து எடுத்த தூளையே சோதிக்க வேண்டும். கலங்கல் கண்டால் பொறியாளரை அழைத்து அளவிட்டுப் பார்ப்பது முறை.

இரண்டாவது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. தூத்துக்குடி நகரின் பல தெருக்களில் நாட்கணக்கில் நீர் நின்றது. எந்த வீட்டில் முழங்கால் அளவு, எந்த வீட்டில் ஜன்னல் அளவு என்பதைப் பட்டாவும் சொல்லாது, வில்லங்கச் சான்றிதழும் சொல்லாது. அதிகாரி அதற்கு முன்பே மாற்றலாகிப் போயிருந்தால் அவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும்; தெருமுனைக் கடை அண்ணாச்சிக்குத் தெரியும். மின் மீட்டர்ப் பெட்டியை எத்தனை அடி உயர்த்தி மாட்டியிருக்கிறார்கள் என்பதும் ஒரு சாட்சிதான்.

கேள்விகளை உரிமையாளருக்கே தபாலில் அனுப்பலாம். கிணற்று நீர் உப்பா, கட்டும்போது எந்த நீர் பயன்பட்டது, தண்ணீர் எதுவரை ஏறியது, கடன் பாக்கி உண்டா, பவர் இன்றும் செல்லுமா என்ற ஐந்து வரிகள் போதும். பதிலில் அவருடைய கையொப்பம் இருக்க வேண்டும். ஏஜெண்டின் கையொப்பம் இதற்கு உதவாது. அந்தக் கடிதம் வந்து சேரும்வரை முன்பணம் வங்கிக் கணக்கிலேயே கிடக்கட்டும்.