உப்புக் காற்றில் டைல்ஸ் பதிக்கப் போகிறீர்களா?

மழைக்காலம் தொடங்கினால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். டைல்ஸ் வேலை அப்படியில்லை. கூரை போட்ட வீட்டுக்குள் நடப்பது, ஐப்பசியிலும் கூலி கிடைக்கும். அனுமந்தைப் பக்கத்து இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வர இது ஒன்றே போதுமான காரணம். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் என்பதால் வேலையும் இரண்டு விதமாக வரும்: ஒரு பக்கம் சென்னைக்காரர்களின் பண்ணை வீடு, இன்னொரு பக்கம் ஊருக்குள் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தின் 360 சதுர அடி வீடு. இரண்டிலும் முதல் நாள் நடப்பது ஒன்றுதான். வீட்டுக்காரம்மா போனை நீட்டுவார். "மேஸ்திரி, இந்த மாதிரி போட்டுடுங்க."

படத்தில் பெரும்பாலும் ஹெரிங்போன் இருக்கும், மீன் முள் மாதிரி குறுக்கும் மறுக்குமாக ஓடுகிற டிசைன். உடனே தலையாட்ட வேண்டாம். முடியாது என்றும் சொல்ல வேண்டாம். டேப்பையும் நூலையும் எடுங்கள்.

மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே சரியாக 5 அடி வந்தால் அது நேர்மூலை. நம் பக்கத்து வீடுகளில் இது சரியாக வந்தால் அந்தக் கொத்தனாரைத் தேடிப் போய்க் கைகொடுக்கலாம். மூலை இழுத்துக்கொண்டிருக்கும் அறையில் டைல்ஸை நேர்வரிசையாகப் பதித்தால், சுவரோரத் துண்டு ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுக்கமாகவும் வந்து கோணலைக் காட்டிக்கொடுத்துவிடும். 45 டிகிரியில் சாய்த்துப் பதிக்கும் டயமண்ட் டிசைனில் அந்தக் கோணல் அவ்வளவாகக் கண்ணில் படாது. ஆனால் நாலு சுவரிலும் முக்கோணத் துண்டு வெட்ட வேண்டும். சேதாரம் கூடும், நேரமும் கூடும்.

இரண்டுக்கு நாலு டைல்ஸை செங்கல் கட்டு மாதிரி பாதிக்குப் பாதி தள்ளிப் பதிக்கச் சொல்வார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. நீளமான டைல் சூளையிலிருந்து வரும்போதே நடுவில் லேசாக வளைந்திருக்கலாம். ஒன்றின் நடுமேட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்றின் முனை வந்தால் காலில் இடறும். வாசல் வெயில் சாய்வாக விழும்போது அந்த மேடு நிழல் கட்டிக் காட்டும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளினால் போதும்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். உப்புக் கரையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த டிசைனில் எத்தனை அடி ஜாயின்ட் வரும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12க்கு 10 அறை, 120 சதுர அடி. இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் என்றால் ஜாயின்ட் நீளம் சுமார் 120 அடி. இரண்டுக்கு நாலு போட்டால் 90 அடிதான். ஒன்றுக்கு ஒன்று போட்டால் 240 அடி. ஆறு அங்குல அகலம், இரண்டடி நீளமுள்ள பட்டையை ஹெரிங்போனாகப் பதித்தால் கிட்டத்தட்ட 300 அடி. விட்ரிஃபைடு டைல் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. அதனால் அடியிலிருந்து ஏறும் ஓதம் ஜாயின்ட் வழியாகத்தான் வெளியே வரும். தண்ணீர் ஆவியாகிப் போகும், அதிலிருந்த உப்பு அங்கேயே வெள்ளையாகப் பூத்து நிற்கும். துடைத்தால் போகும், மறுபடி பூக்கும். திட்டு வாங்குவது நீங்கள்தான்.

அதற்காக ஹெரிங்போனே கூடாது என்பதில்லை. மாடியில் தாராளமாகப் போடலாம், அங்கே தரையிலிருந்து ஓதம் ஏறாது. கீழ்த்தளத்தில் போடுவதானால் முன்வேலை வேண்டும்: நிரப்பும் மண் உவர் மண்ணாக இருக்கக் கூடாது, கான்கிரீட்டுக்கு அடியில் பாலிதீன் ஷீட், கலவைக்குக் கரிக்காத தண்ணீர். கம்பியில்லாத கான்கிரீட்டுக்கே கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456 தரநிலை. கம்பி உள்ளதற்கு 500தான். வீட்டுப் போர் தண்ணீர் வாயில் கரித்தால், லாரித் தண்ணீருக்கு முதலிலேயே பேசிவிடுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில் ஏறியபோது வெள்ளம் புகுந்த வீடுகளில், தளத்தைத் தட்டிப் பார்த்து, அடிமண் இறங்கவில்லை, காய்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகே மேலே கை வையுங்கள்.

இனி காசு. இதே 12க்கு 10 அறைக்கு, இரண்டுக்கு இரண்டு என்றால் 30 டைல்ஸ். நேர்வரிசைக்கு ஐந்து சதவீதம் கூட்டினால் 32, அதாவது நாலு டைல் பெட்டியில் எட்டு. டயமண்டுக்குப் பதினைந்து சதவீதம் கூட்டினால் 35, ஒன்பது பெட்டி. இந்த வித்தியாசத்தை வாங்கும் முன்பே சொல்லுங்கள். வேலை பாதியில் நிற்கும்போது சொன்னால், அதே ஷேடு கடையில் இல்லாமல் போகலாம். கூலியும் அப்படித்தான். எல்லா டிசைனுக்கும் ஒரே சதுர அடிக் கூலி பேசுகிறவர் ஹெரிங்போனில் தன் முதுகை இலவசமாகக் கொடுக்கிறார்.

முதுகு என்றதும் உடம்பு. கட்டிங் மிஷினைக் காய்ந்த டைலில் ஓட்டாதீர்கள். அந்தத் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைத் தரும், அதைத் திருப்பிக் குணமாக்க முடியாது. தண்ணீர் விட்டு வெட்டுங்கள், மாஸ்க் போடுங்கள், முட்டிக்குப் பேடு கட்டுங்கள். 18 வயதானதும் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். கை நன்றாகத் திருந்திவிட்டதா? வேர்ல்டு ஸ்கில்ஸ் போட்டியில் சுவர், தரை டைல்ஸ் பதிப்பு ஒரு தனிப் பிரிவு. வயது வரம்பு 22 என்பதால் தள்ளிப்போட நேரமில்லை.

கலவை கலக்கும் முன் கடைசியாக ஒரு வேலை. டைல்ஸை வெறுமனே தரையில் பரப்பிப் பாருங்கள். அறை அகலம் 10 அடி 4 அங்குலம் என்று வையுங்கள். ஐந்து முழு டைல்ஸ் வைத்தால் சுவரோரம் நாலு அங்குலத் துண்டு மிஞ்சும். பார்க்கவே பாவமாக இருக்கும். நாலு முழு டைல்ஸை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் 14 அங்குலம் விட்டால், அளந்து கட்டிய அறை போலிருக்கும். பிறகு வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுத் தெருவாசலில் நிற்கச் சொல்லுங்கள். அவர் பார்த்து, "இப்படியே போட்டுடுங்க" என்றால் அந்தப் பரப்பை உங்கள் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, சித்தாளிடம் சிமென்ட் மூட்டையைப் பிரிக்கச் சொல்லுங்கள்.