திருகோணமலையிலிருந்து லண்டனுக்கு: பயண நேரத்தைச் சரியாகக் கணக்கிட

1. கணக்கை வீட்டு வாசலிலிருந்தே தொடங்குங்கள். கட்டுநாயக்க விமான நிலையம் வரை சுமார் 250 கிலோமீற்றர். வாகனத்துக்கு 6 மணித்தியாலமாவது ஒதுக்குங்கள்.

2. கந்தளாய், ஹபரணைப் பாதையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். இருட்டினால் காட்டு யானைகள் வீதிக்கு வரும்.

3. விமான நிலையத்துக்கு 3 மணித்தியாலம் முன்னரே போய்விடுங்கள். பொதி, குடிவரவு வரிசைகளில் நேரம் கரையும்.

4. சீட்டிலுள்ள நேரங்களை அப்படியே கழிக்காதீர்கள். அவை அந்தந்த ஊர் நேரம். லண்டன் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலம் பின்னால். கோடையில் பகல் 1 மணிக்குப் புறப்பட்டு அங்கு இரவு 7.30க்கு இறங்கினால், பறந்தது 11 மணித்தியாலம். தூரம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர்.

5. கூட்டிப்போக வரும் உறவினருக்கு லண்டன் நேரத்தையே திகதியோடு அனுப்புங்கள். வீண் காத்திருப்பைத் தவிர்க்கலாம்.