'நாளே' என்றால் எத்தனை மணிக்கு?

அன்புள்ள கண்ணம்மா,

கட்டிலைச் சரிசெய்ய வேண்டிய ஆசாரி தினமும் 'நாளே பர்த்தீனி' (நாளைக்கு வருகிறேன்) என்கிறார், சூரிச் ஆபீஸ்காரர்களோ ஆறரை மணி மீட்டிங்குக்கு ஒரு நிமிஷம் பிந்தினால்கூட முகம் சுளிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இரண்டு பேரையும் ஒரே கடிகாரத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் உனக்கு இவ்வளவு எரிச்சல்.

சூரிச் சுலபம். ராபர்ட் லெவின் என்ற அமெரிக்க உளவியலாளர் 31 நாடுகளில் மூன்று விஷயங்களை அளந்தார்: தெருவில் ஆட்கள் நடக்கும் வேகம், தபாலாபீஸில் ஸ்டாம்ப் கொடுக்க ஆகும் நேரம், வங்கிச் சுவர்க் கடிகாரம் எவ்வளவு சரியாக ஓடுகிறது என்பது. 1999இல் வெளிவந்த பட்டியலில் சுவிட்சர்லாந்து முதலிடம், மெக்சிகோ கடைசி. வேகமான ஊர்களில் இதய நோய்ச் சாவு அதிகம் என்றும் அந்த ஆய்வில் இருக்கிறது. அதை அவர்களிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்காதே. நிமிஷத்தைக் காப்பாற்று, போதும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள், நாம் வைப்பதில்லை. அன்றிலிருந்து உன் ஆறரை மணி ஏழரை ஆகிவிடும்.

ஆசாரிக்கு எட்டாவது கிராஸில் ஒரு வேலை, யஷ்வந்தபுரத்தில் ஒரு வேலை, நடுவில் பெங்களூர் டிராஃபிக். மணி சொன்னால் பொய்யாகிவிடும் என்று தெரிந்துதான் அவர் மணி சொல்வதில்லை. 'முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்லவும் அவருக்கு மனசு வராது. எத்தனை மணிக்கு என்று நெருக்காமல், 'ஊட்டக்கெ முஞ்செனா, ஆமேலா?' என்று கேட்டுப் பார். சாப்பாட்டுக்கு முன்னாலா, அப்புறமா? இதற்குப் பெரும்பாலும் உண்மையான பதில் வரும். அதுவும் கன்னடத்தில் கேட்டால்தான். பாஷை பேசுகிறவளுக்கு மனதில் இருக்கும் நேரத்தைச் சொல்வார்கள், மற்றவர்களுக்கு 'நாளே'தான்.

மல்லேஸ்வரத்தில் தமிழருக்கு உள்ள கஷ்டமே எல்லாருக்கும் தமிழ் புரிவதுதான். நீ தட்டுத் தடுமாறிக் கன்னடத்தில் ஆரம்பித்தால் காய்கறிக்காரர் தமிழில் முடித்துவிடுவார். வருஷக்கணக்கில் இருந்தும் ஒரு வாக்கியம் பேச வராதவர்களை எனக்குத் தெரியும். 'கன்னடதல்லே ஹேளி' (கன்னடத்திலேயே சொல்லுங்கள்) என்று நீயே கேட்டுக்கொள். பயப்பட ஒன்றுமில்லை: நம் பால் அங்கே ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி. நம் வெண்ணெய் அங்கே பெண்ணெ. பம்பரத்தில் இரண்டாவதாக வரும் 'ப'வைப் போல அதைச் சொல்ல வேண்டும். மரியாதையில் மட்டும் கவனம் வேண்டும். பெரியவரிடம் 'கொடு' என்று சொல்லிவிடாதே, 'கொடி' என்று சொல். 'பன்னி' என்று யாராவது அழைத்தால் கோபித்துக்கொள்ளாதே, வாங்க என்கிறார்கள்!

பக்கத்தில்தானே காடு மல்லேஸ்வரர் கோயில்? அதற்கு 1669இல் கிராமம் ஒன்றை மானியமாக விட்ட வெங்கோஜி, சிவாஜியின் தம்பி, பின்னால் நம் தஞ்சாவூரைப் பிடித்து மராட்டிய அரசை நிறுவியவர். மராட்டி பேசியவர் கன்னட தேசத்திலிருந்து தமிழ் ஊருக்கு வந்தார். நீ அதே வழியில் எதிர்த்திசையில் போயிருக்கிறாய். திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமனும் 1933இல் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தவர்தான். கடைசிவரை பெங்களூரிலேயே இருந்துவிட்டார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. காவிரிப் பிரச்சினையில் 1991 டிசம்பரில் அந்த ஊரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் எரிந்தன. அப்படி ஒரு நாள் வந்தால் யாரோடும் வாதாடாதே, வாட்ஸ்அப்பில் வருவதை யாருக்கும் அனுப்பாதே, வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளேயே இரு.

மற்றபடி, ஞாயிறுகளில் காலையில் மார்கோசா ரோட்டு சிடிஆர் ஹோட்டலுக்குப் போ. கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்களோடுதான் மேஜை கிடைக்கும். பெண்ணெ மசாலெ தோசெ வரும்வரை எதிரில் இருப்பவர் உன்னோடு கன்னடம் பேசியே ஆக வேண்டும், அவருக்கும் வேறு வழியில்லை.

அன்புடன்,
அத்தை