வேரை அளக்கும் முன் மண்ணை அள

அன்புள்ள தம்பிக்கு,

கொண்டைக்கடலையில் வறட்சி தாங்கும் ரகம் உருவாக்கும் குழுவில் சேர்ந்துவிட்டாய் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். வேர் ஆய்வுக்கு வருகிற எல்லோரும் முதலில் எந்த வகைக்கு வேர் நீளம் என்று தேடுவார்கள். நீ அதற்கு முன் வேறொரு வேலை செய்ய வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தக்காணத்துக் கரிசலில் கொண்டைக்கடலையை மழை ஓய்ந்த பிறகு, அக்டோபர், நவம்பரில் விதைக்கிறார்கள். அதற்குப் பின் மழை அபூர்வம். மண்ணில் தங்கிய ஈரத்தை வைத்தே பயிர் வளர்ந்து, பூத்து, காய் முற்ற வேண்டும். ஆழத்து ஈரத்தை எட்டும் வேர் வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது, நியாயமானதும்கூட. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில், இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிலையத்தில், ஐசிசி 4958 என்ற வகை இளம் பருவத்திலேயே நிறைய வேர்விடுவதைக் கண்டார்கள். அந்தப் பண்போடு சேர்ந்து வரும் மரபுப் பகுதியைக் கண்டுபிடித்து, மரபணுக் குறிப்பான்களின் துணையோடு ஜேஜி 11 போன்ற ரகங்களுக்குள் கொண்டுசென்றார்கள். 2019-இல் வெளியான பூசா 10216 இந்த வழியில் வந்ததுதான்.

இத்தோடு நிறுத்தாமல், அதே நிலையத்திலிருந்து 2011-இல் வந்த ஆய்வையும் படி. மண் நிரப்பிய நீளமான குழாய்களில் செடி வளர்த்து, குழாயோடு எடைபோட்டு, எந்தச் செடி எப்போது எவ்வளவு நீர் எடுக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். வறட்சி தாங்கியவற்றையும் தாங்காதவற்றையும் வேரின் ஆழமும் அடர்த்தியும் பிரித்துக் காட்டவில்லை. தாங்கியவை பூக்கும் முன் சிக்கனமாக நீர் எடுத்து, காய் முற்றும் நாட்களுக்கு மிச்சம் வைத்திருந்தன. சம்பளம் முழுவதையும் முதல் வாரத்திலேயே செலவழித்த வீடு கடைசி வாரத்தில் என்ன பாடுபடும் என்று உனக்குத் தெரியும். பின்னாளில், வேரை வைத்துக் கண்டுபிடித்த அந்த மரபுப் பகுதிக்குள்ளேயே இலைப்பரப்பின் வளர்ச்சி வேகத்தை ஆளும் கூறுகள் இருப்பது தெரியவந்தது. வேரையும் இலையையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

ஆகவே முதல் பருவத்தில் மண் துளைப்பானை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போ. பூக்கும்போது ஒருமுறை, அறுவடை அன்று ஒருமுறை, 30 செ.மீ. இடைவெளியில் 120 செ.மீ. வரை மண் எடு. உடனே மூடிபோட்டு எடைபோடு. 105 டிகிரி அடுப்பில் ஒரு நாள் காயவைத்து மறுபடி எடைபோடு. அறுவடை அன்றும் அடிமண் ஈரமாக இருந்தால், பயிர் எட்டாத நீர் அங்கே கிடக்கிறது. ஆழ வேருக்கு அங்கே வேலை உண்டு. அடிவரை காய்ந்திருந்தால் இன்னும் நீண்ட வேர் உன் விவசாயிக்கு ஒரு மணி கடலைகூடக் கூட்டித் தராது. சிக்கனமாக நீர் எடுக்கும் வகையைத் தேடு. இரண்டடிக்குக் கீழே சரளை என்றால் ஐசிசிவி 2 போல விரைவில் முதிரும் ரகமே அங்கே உதவும்.

வேர் கழுவுவதை ஆட்களிடம் முழுவதுமாக விட்டுவிடாதே. கரிசல் எளிதில் விடாது. இரவு முழுக்க நீரில் ஊறவிட்டு, கண் சிறுத்த சல்லடையில், தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவ வேண்டும். அவசரப்பட்டால் மயிரிழை போன்ற சிறுவேர்கள் அறுந்து போய்விடும். நீரை உறிஞ்சுவதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். தடித்த ஆணிவேரை மட்டும் எடைபோட்டு எழுதிய எண்ணை நம்ப முடியாது. முன்பயிரான சோளத்தின் செத்த வேர்களும் சல்லடையில் வரும். அவை கருத்திருக்கும், வளைத்தால் ஒடியும். கடலையின் உயிர்வேர் வெளிர் நிறம், வளைந்து கொடுக்கும். சில நாளில் விரல்களே பிரித்தறியும்.

வேர் செடிக்குச் செலவு என்பதையும் நினைவில் வை. கீழே போகும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் இலை சமைத்த சர்க்கரை போகிறது. வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியாக்களுக்கும் அதே இலைதான் படியளக்கிறது. பீன்ஸில் இன்னொரு இழுபறி: மணிச்சத்து மேல்மண்ணில், நீர் அடிமண்ணில். மேலோட்டமாகப் பரவும் வேர் முதலாவதற்கு உகந்தது, செங்குத்தாக இறங்குவது இரண்டாவதற்கு. மண் ஏழையாகவும் வறண்டும் உள்ள ஊரில் இரண்டும் கலந்த வேரமைப்பைத் தேட வேண்டியிருக்கும்.

அறுவடை முடிந்ததும் மகசூல் பட்டியலோடு, அடிமண் ஈரத்தின் அந்த இரண்டு அளவுகளையும் எழுதி அனுப்பு. எந்தப் பெற்றோரைக் கலப்பது என்று அதைப் பார்த்துப் பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்