சுவரில் ஒரு அட்லஸ்: எப்படி அடையாளம் காண்பது?

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் ட்ரெக்கிங் போறீங்க. ராத்திரி தங்குற இடத்துல, லைட்டுக்குக் கீழே சுவர்ல, உங்க உள்ளங்கையை விடப் பெருசா செம்பழுப்பு நிறத்துல ஏதோ ஒட்டியிருக்கு. வௌவால்னு பயப்படாதீங்க. அது அட்லஸ் வகை அந்துப்பூச்சியா இருக்கலாம். விரிச்ச இறக்கை 24 செ.மீ. வரைக்கும் வரும். நம்ம 30 செ.மீ. ஸ்கேலை நினைச்சுப் பாருங்க!

உறுதி செய்ய நாலு விஷயம் பாருங்க.

1. ஜன்னல்: நாலு இறக்கையிலும் முக்கோணமா, கண்ணாடி மாதிரி ஒரு பகுதி இருக்கும்.

2. நுனி: முன் இறக்கையின் நுனி வளைஞ்சு, பக்கவாட்டில் பார்த்த பாம்புத் தலை மாதிரி தெரியும்.

3. உணர்கொம்பு: அகலமான இறகு போல இருந்தா ஆண், ஒடுக்கமா இருந்தா பெண். பெண் வெளியிடும் வாசனையைத் தூரத்திலிருந்தே பிடிக்க ஆணுக்கு அந்த அகலம் தேவை.

4. எது அட்லஸ் இல்லை? வெளிர்பச்சை நிறமும் நீண்ட வாலும் இருந்தா அது நிலா அந்துப்பூச்சி. ஜன்னல் இல்லாம, முன் இறக்கையில் பெரிய கண் போன்ற புள்ளி இருந்தா ஆந்தை அந்துப்பூச்சி.

போட்டோவை வச்சு நெட்ல தேடினா பெரும்பாலும் 'அட்டாகஸ் அட்லஸ்'னு வரும். அதோட நிறுத்திடாதீங்க. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது அதன் நெருங்கிய உறவான 'அட்டாகஸ் டாப்ரோபானிஸ்'. டாப்ரோபேன் என்பது இலங்கைக்குக் கிரேக்கர்கள் வழங்கிய பழைய பெயர். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதனால எங்கே பார்த்தீங்க என்பதும் ஒரு ஆதாரம்தான். இடம், தேதி ரெண்டையும் குறிச்சு வையுங்க.

இனிதான் முக்கியமான விஷயம். வளர்ந்த அட்லஸால சாப்பிட முடியாது. புழுவா இருந்தப்போ சேர்த்த கொழுப்பை வச்சுத்தான் வாழுது, அதுவும் ஒன்று ரெண்டு வாரம் மட்டும். அதுக்குள்ள ஜோடி சேர்ந்து முட்டை வைக்கணும். லைட்டைச் சுத்தியே ஒரு ராத்திரி போச்சுன்னா, அதன் வாழ்க்கையில் பெரிய பங்கு போச்சு. கையில் எடுத்தாலும் இறக்கையின் செதில்கள் உதிர்ந்துடும்.

அதனால தொடாம, மேலிருந்து ஒரு போட்டோ, உணர்கொம்பு தெரியுற மாதிரி கிட்டத்தில் ஒண்ணு, அவ்வளவு போதும். எடுத்ததும் மறக்காம லைட்டை ஆஃப் பண்ணுங்க.