முதுகில் எண்

ஆட்டக்காரரை அடையாளம் காட்டவே சட்டையில் எண் என்று நான் நினைத்திருந்தேன். கிளாஸ்கோவின் செல்டிக் கழகமோ, பச்சை வெள்ளைப் பட்டைகளின் அழகு கெடுமென்று, 1960 முதல் எண்ணைக் கால்சட்டையில்தான் பொறித்தது. 1994இல் லீக் வற்புறுத்திய பிறகே அது முதுகேறியது!

1998இல் ஸ்காட்டிஷ் பிரிமியர் லீக் பிறந்தபின், மேல்மட்டத்தில் ஆண்டு முழுவதற்கும் ஒருவருக்கு ஒரே எண், கூடவே பெயர். கீழ்ப் பிரிவுகளில் பல கழகங்கள் 1 முதல் 11 என்ற பழைய வழக்கையே பிடித்துக்கொண்டிருந்தன. அங்கே 9 என்பது ஆளன்று, நடு முன்னணி ஆட்டக்காரரின் இடம். இந்த வாரம் ஒருவர், அடுத்த வாரம் மற்றொருவர். சிறு கழகத்துக்கு அது சிக்கனமுங்கூட. பெயர் பொறித்த சட்டையை, ஆள் போனபின் யாருக்குப் போடுவது?

என்னை உறுத்தியது வேறொன்று. ஒப்பந்தமின்றிச் சோதனைக்காக ஆடுபவரை அப்பிரிவுகளின் ஆட்டப் பட்டியலில் 'டிரையலிஸ்ட்' என்றே குறிப்பது வழக்கம். அவர் கோல் அடித்தாலும் செய்தித்தாளில் அச்சொல்லே வரும்.